ஜிபிஃப்ல இருந்து டேட்டா எடுக்கறது எப்படி: பட்டன் அமுக்குறதுக்கு முன்னாடியும் அப்புறமும்

ஒரு பறவையோ செடியோ பூச்சியோ, உலகத்துல எங்கெங்க எப்பெப்ப பதிவாகியிருக்குன்னு மொத்தமா டேட்டா வேணும்னா நேரா போகவேண்டிய இடம் ஜிபிஃப். முழுப் பேரு குளோபல் பயோடைவர்சிட்டி இன்ஃபர்மேஷன் ஃபெசிலிட்டி, அவ்வளவு நீளமா யாரும் சொல்றதில்ல. 2001ல தொடங்குனது, தலைமை ஆபீஸ் டென்மார்க்ல, கோபன்ஹேகன்ல. காசு கிடையாது, யார் வேணா எடுக்கலாம். டவுன்லோட் பட்டன் அமுக்க ஒரு நிமிஷம் போதும், அதுக்கு ஒரு கைடே தேவையில்ல. ஆனா எடுத்த ஃபைலை மேப்ல போட்டுப் பார்த்துட்டு "என்னடா இது, சிட்டுக்குருவி நடுக்கடல்ல நிக்குது"ன்னு முழிக்கிறவங்கதான் அதிகம், நானும் அப்படி முழிச்ச ஆள்தான். அதனால பட்டனுக்கு முன்னாடி என்ன யோசிக்கணும், அப்புறம் எதையெல்லாம் சந்தேகப்படணும்னு விலாவாரியா எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை மண்டையில ஏத்திக்கங்க. ஜிபிஃப் ஆளுங்க யாரும் பைனாகுலர் தூக்கிட்டு காட்டுக்குள்ள போய் டேட்டா சேர்க்கறது கிடையாது. மியூசியம், ஹெர்பேரியம் (காய வச்ச செடிகளை சேர்த்து வைக்கற இடம்), யுனிவர்சிட்டி, ஈபேர்டு மாதிரி ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி பொதுமக்கள் பதிவு பண்ற தளங்கள், இவங்க எல்லாரும் அவங்கவங்க டேட்டாவை குடுக்க, ஜிபிஃப் அதை டார்வின் கோர்ங்கற ஒரே ஃபார்மேட்டுக்கு கொண்டுவந்து ஒரே இடத்துல தேடுற மாதிரி வச்சிருக்கு. 2018லயே 100 கோடி பதிவைத் தாண்டிடுச்சு, இப்ப அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. இதுக்கு என்ன அர்த்தம்னா, நீங்க எடுக்கப்போற ஒரே ஃபைலுக்குள்ள நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ பாடம் பண்ணி மியூசியம் டிராயர்ல வச்ச பறவையும் இருக்கும், நேத்து காலையில ஒருத்தர் மொபைல்ல தட்டிவிட்ட பறவையும் இருக்கும், ரெண்டும் அடுத்தடுத்த வரியில ஒரே மாதிரி முகத்தோட உக்காந்திருக்கும். பிரிச்சுப் பார்க்கறது உங்க வேலை.

அதனால தளத்தை திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல உங்க கேள்வியை ஒரே வரியில எழுதுங்க, சும்மா சொல்லல, நிஜமாவே எழுதுங்க. "சிட்டுக்குருவி டேட்டா வேணும்"ங்கறது கேள்வியே கிடையாது. "2010க்கு அப்புறம், ஆளுங்க நேர்ல பார்த்து பதிவு பண்ணது, இடம் ஒரு கிலோமீட்டர் துல்லியத்துக்குள்ள தெரிஞ்சது மட்டும்" அப்படின்னு எழுதுனா அது கேள்வி, அதுல இருக்கற ஒவ்வொரு துண்டும் அப்படியே ஒரு ஃபில்டரா மாறிடும். இதைப் பண்ணாம மொத்தமா எடுத்துட்டு அப்புறமா வடிகட்டிக்கலாம்னு போனீங்கன்னா, சிட்டுக்குருவி மாதிரி ஊர் உலகமெல்லாம் இருக்கற பறவைக்கு கோடிக்கணக்குல வரி வந்து லேப்டாப் மூச்சு முட்டி நிக்கும்.

அடுத்தது அக்கவுண்ட். சும்மா தேடிப் பார்க்கறதுக்கு லாகின் வேண்டாம், டவுன்லோட் பண்ணத்தான் வேணும். ஒரு ஈமெயில் குடுத்து ரிஜிஸ்டர் பண்ணிக்கங்க, அவ்வளவுதான். ரெடி ஆனதும் தகவல் அந்த மெயிலுக்குத்தான் வரும், அதனால ஒழுங்கா பார்க்கற மெயிலா குடுங்க.

இப்ப பேரு விஷயம், இங்கதான் பாதிப்பேர் முதல் அடி வாங்குறாங்க. வழக்குப் பேரை வச்சு தேடாதீங்க. ஆங்கிலத்துல ராபின்னு ஒருத்தர் சொன்னா அது ஐரோப்பாவுல ஒரு சின்னப் பறவை, எரிதாகஸ் ருபெகுலா, அதே ராபின் அமெரிக்காவுல வேற பறவை, டர்டஸ் மைக்ரேட்டோரியஸ், ரெண்டும் வேற வேற குடும்பம். அறிவியல் பேரைத்தான் போடணும். அதை போட்டாலும் முடிஞ்சுடல. ஓனாந்தேன்னு ஒரு பேரினம் இருக்கு, பறவையில அது வீட்டியர்ன்னு சொல்ற சின்னப் பறவைங்க, தாவரத்துல அதே ஓனாந்தே கொத்தமல்லி குடும்பத்துல ஒரு செடி. விலங்குக்கு பேர் வைக்கற விதி தனி, தாவரத்துக்கு தனி, அதனால ரெண்டு பக்கமும் ஒரே பேரு இருக்கறது தப்பே கிடையாது. நீங்க தேடல் பெட்டியில அந்தப் பேரை அடிச்சதும் கீழ வர்ற பட்டியல்ல முதல்ல இருக்கறதை கண்ணை மூடிட்டு அமுக்குனா பறவை ஆராய்ச்சிக்கு செடி டேட்டா வந்து சேரும். பேருக்குப் பக்கத்துல எந்த உலகம் (விலங்கா, தாவரமா), எந்த குடும்பம்னு காட்டும், ஒரு நொடி நின்னு அதைப் படிங்க.

இணைப்பேர் விஷயம் இன்னொன்னு. வேப்பமரத்துக்கு இன்னிக்கு ஏத்துக்கிட்ட பேரு அசாடிராக்டா இண்டிகா, ஆனா உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கற முறையை கொண்டுவந்த லின்னேயஸ் அதுக்கு வச்ச பேரு மெலியா அசாடிராக்டா, பழைய ஹெர்பேரியம் ஷீட்ல அந்தப் பழைய பேரே எழுதியிருக்கலாம். நல்லவேளையா ஜிபிஃப்க்கு பின்னாடி ஒரு பெரிய பெயர்ப் பட்டியல் இருக்கு, பழைய பேருல வந்த பதிவையும் ஏத்துக்கிட்ட பேருக்கு கீழ கொண்டுவந்து சேர்த்துடும், அதனால ஏத்துக்கிட்ட பேரைத் தேடுனா பழசும் சேர்ந்தே வரும். ஆனா சில குழுவுல ஒரு இனத்தை ரெண்டாப் பிரிச்சு ஆளுக்கொரு கருத்து இருக்கும் பாருங்க, அங்க ஜிபிஃப் பட்டியல் எந்தப் பக்கம் நிக்குதுன்னு அந்த இனத்தோட பக்கத்துல போய் பார்த்துட்டுதான் எடுக்கணும்.

பேரு முடிஞ்சதும் இடது பக்கம் ஃபில்டர் வரிசையா நிக்கும், நிறைய இருக்கு, எல்லாத்தையும் தொடவேண்டாம், நான் கண்டிப்பா தொடறது சிலது இருக்கு. முதல் ஆளு பேஸிஸ் ஆஃப் ரெக்கார்ட், அதாவது இந்தப் பதிவு எதை வச்சு வந்துச்சுங்கறது. நேர்ல பார்த்தது, பாதுகாத்து வச்ச ஸ்பெசிமன், புதைபடிவம், உயிரோட வளர்க்கறது, கேமரா போல ஒரு கருவி எடுத்ததுன்னு பல வகை. உயிரோட வளர்க்கறதுன்னா என்னன்னு பார்த்தா தாவரவியல் பூங்காவுல, மிருகக்காட்சி சாலையில இருக்கறது. இதை விட்டுட்டீங்கன்னா வெப்பக்காட்டு மரம் ஒன்னு பனிக்கட்டி ஊர்ல வளருதுன்னு மேப் காட்டும், அங்க அது கண்ணாடி வீட்டுக்குள்ள வளருதுங்கற விஷயம் மேப்புக்கு தெரியாது. புதைபடிவமும் அப்படித்தான், இன்னிக்கு எங்க வாழுதுன்னு கேக்கற கேள்விக்கு அதைத் தூக்கிடணும்.

ரெண்டாவது ஆக்கரன்ஸ் ஸ்டேட்டஸ். இது நிறைய பேருக்கு தெரியவே தெரியாது. சில சர்வேக்காரங்க "இங்க தேடினோம், இல்ல"ன்னும் பதிவு பண்ணுவாங்க, அதுவும் ஜிபிஃப்ல ஒரு வரியா, இடத்தோட தேதியோட, ஆப்சென்ட்னு ஒரே ஒரு வார்த்தை வித்தியாசத்தோட இருக்கும். அந்த ஃபீல்டை பார்க்காம எல்லாத்தையும் புள்ளியா வச்சீங்கன்னா, இல்லன்னு எழுதி வச்ச இடத்துல எல்லாம் இருக்குன்னு மேப் போட்ட புண்ணியம் உங்களுக்கு. இருக்கற பதிவு மட்டும் வேணும்னா பிரசென்ட்னு தேர்ந்தெடுங்க.

மூணாவது இடம். நாடு பேரு குடுக்கலாம், இல்லன்னா மேப்ல கோடு போட்டு ஒரு பகுதியை வளைக்கலாம், இல்லன்னா டபிள்யூகேடின்னு ஒரு எழுத்து வடிவத்துல எல்லையை ஒட்டலாம். இந்த மூணாவது வழியில ஒரு கண்ணி இருக்கு, புள்ளிகளை கடிகார முள் சுத்தற திசைக்கு எதிரா குடுக்கணும். நான் ஒரு தடவை ஒரு சின்னத் தீவோட எல்லையை கடிகாரத் திசையிலயே குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்து பார்த்தா, அந்தத் தீவைத் தவிர மீதி உலகம் மொத்தமும் எண்ணிக்கையில வந்து நிக்குது. அது பிழையும் கிடையாது, அந்த விதிப்படி நான் கேட்டதே அதைத்தான். எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட பைத்தியக்காரத்தனமா பெருசா இருந்தா முதல்ல இதைப் பாருங்க.

அப்புறம் ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) இருக்கற பதிவு மட்டும்னு ஒரு ஃபில்டர், அறிஞ்ச இடப்பிழை இல்லாத பதிவு மட்டும்னு ஒரு ஃபில்டர், மேப் வேலைன்னா ரெண்டையும் போட்டுக்கங்க. வருஷம் ஃபில்டர் போடும்போது ஒன்னு ஞாபகம் வச்சுக்கங்க, தேதியே இல்லாத பழைய மாதிரிகள் சத்தமில்லாம வெளிய போயிடும், வரலாற்று ஆராய்ச்சின்னா அதுவும் ஒரு இழப்புதான். துல்லியத்துக்கான ஃபீல்டுல ஆயிரம் மீட்டருக்குள்ளன்னு போட ஆசையா இருக்கும், ஆனா நிறைய பதிவுல அந்த ஃபீல்டு காலியாவே கிடக்கும், ஃபில்டர் போட்டா காலியா இருக்கறதும் சேர்ந்து போயிடும். அதனால இதை மட்டும் நான் தளத்துல போடாம, எடுத்ததுக்கு அப்புறம் கையால வடிகட்டறது வழக்கம், அப்பதான் எவ்வளவு போகுதுன்னு கண்ணுக்கு தெரியும்.

இப்ப டவுன்லோட். மூணு வகை காட்டும். சிம்பிள், டார்வின் கோர் ஆர்க்கைவ், அப்புறம் இனப்பட்டியல். என்னென்ன இனம் இருக்குன்னு மட்டும் தெரியணும்னா கடைசியா சொன்னது போதும், சின்ன ஃபைல். மேப், மாடல், எண்ணிக்கை வேலைக்கு சிம்பிள் தாராளம், கிட்டத்தட்ட ஐம்பது ஃபீல்டு வரும். ஆர்க்கைவ் எப்ப வேணும்னா, வெளியிட்டவங்க முதல்ல எழுதினது என்ன, ஜிபிஃப் அதை எப்படி புரிஞ்சுக்கிச்சுங்கற ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேணும்னா, இல்ல போட்டோ லிங்க் எல்லாம் வேணும்னா. புதுசா பண்றவங்க "எதுக்கும் இருக்கட்டும்"னு ஆர்க்கைவை எடுத்துட்டு இருநூறு சொச்சம் ஃபீல்டுக்கு நடுவுல தொலைஞ்சு போவாங்க, வேண்டாம்.

அமுக்குனதும் ஃபைல் உடனே வராது, உங்க கோரிக்கை வரிசையில நிக்கும், சின்னதுன்னா சில நிமிஷம், பெருசுன்னா மணிக்கணக்கா கூட ஆகலாம். ஜன்னலை மூடிட்டுப் போங்க, மெயில் வரும். அந்த மெயில்ல இருக்கற லிங்க்கை திறந்தா ஒரு பக்கம் வரும் பாருங்க, அந்தப் பக்கம்தான் இந்த மொத்த வேலையிலயே முக்கியமான பொருள், ஜிப் ஃபைல் அதுக்கு அடுத்ததுதான். அதுல உங்க டவுன்லோடுக்குன்னே தனியா ஒரு டிஓஐ நம்பர், அதாவது கட்டுரையில குறிப்பிடறதுக்கான நிரந்தர அடையாள எண், இருக்கும், நீங்க போட்ட ஃபில்டர் எல்லாம் வரிசையா இருக்கும், எந்தெந்த டேட்டாசெட்ல இருந்து எத்தனை பதிவு வந்துச்சுன்னு இருக்கும், மொத்தம் எத்தனை வரின்னு இருக்கும். டிஓஐயையும் மொத்த வரி எண்ணிக்கையையும் அப்பவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி ஜிப் பக்கத்துலயே போட்டு வைங்க. கட்டுரை அனுப்பும்போது தேடிக்கலாம்னு விட்டு, ஆறு மாசம் கழிச்சு ஒரே பேருல நாலு ஜிப் கிடந்து எது எதுன்னு தெரியாம எனக்கு ஒரு வாரம் போச்சு. இன்னொன்னு, யாரும் மேற்கோள் காட்டாத டவுன்லோட் ஃபைலை ஆறு மாசம்தான் வச்சிருப்பாங்க, அப்புறம் நீக்கிடலாம், வேணும்னா அந்தப் பக்கத்துலயே நாளை நீட்டிக்கலாம்.

சரி, ஜிப்பை பிரிச்சாச்சு. உள்ள இருக்கற ஃபைல் பேரு கடைசியில சிஎஸ்வின்னு இருக்கும், ஆனா உள்ள கமா கிடையாது, டேப் வச்சு பிரிச்சிருக்கும். டபுள் கிளிக் பண்ணி எக்ஸெல்ல திறந்தா எல்லாம் கலைஞ்சு ஒரே குவியலா தெரியும், அய்யோ ஃபைல் கெட்டுப்போச்சுன்னு மறுபடி டவுன்லோட் பண்றவங்களை பார்த்திருக்கேன். கெட்டுப்போகல. ஆனா எக்ஸெல்ல திறக்கறதே எனக்கு பிடிக்காது, காரணம் மூணு. ஒரு ஷீட்ல 10,48,576 வரிக்கு மேல ஏறாது, மீதி வெட்டிப் போயிடும். சேகரிப்பு எண் 3-5ன்னு இருந்தா அதை மார்ச் அஞ்சோ மே மூணோ ஆக்கிடும். அப்புறம் தெரியாத்தனமா சேவ் குடுத்தீங்கன்னா மூலமே போச்சு. எக்ஸெல்லோட இந்தத் தேதி பைத்தியத்தால மனுஷ ஜீன் பேருங்களையே 2020ல மாத்தவேண்டி வந்துச்சு, மார்ச்1ன்னு இருந்த ஜீனை மார்ச்எஃப்1ன்னு ஆக்கினாங்க, அவ்வளவு பெரிய ஆளுங்களே சாஃப்ட்வேர்கிட்ட தோத்து பேரை மாத்திக்கிட்டாங்கன்னா நம்ம எம்மாத்திரம். எக்ஸெல்தான் வேணும்னு அடம் பிடிச்சா, டேட்டா மெனுவுல டெக்ஸ்ட்ல இருந்து இறக்குமதிங்கற வழியில போய், பிரிப்பான் டேப், எழுத்துமுறை யூடிஎஃப்-8, எண் மாதிரி இருக்கற ஐடி ஃபீல்டு எல்லாம் டெக்ஸ்ட்னு சொல்லி திறங்க.

ஆர் (R), பைத்தான் மாதிரி புரோகிராமிங் மொழியில திறக்கறவங்களுக்கு வேற ஒரு குழி. இது நான் விழுந்த குழி, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஒரு தாவர டேட்டா, டவுன்லோட் பக்கத்துல ஏறத்தாழ நாப்பத்தெட்டாயிரம் வரின்னு இருந்துச்சு, ஆர்ல படிச்சா முப்பத்தோராயிரம்தான் வருது, எர்ரர் எதுவும் இல்ல, வார்னிங் கூட இல்ல. ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா, ஏதோ ஒரு பழைய மாதிரியோட இட விவரத்துல யாரோ உயரத்தை இன்ச்ல குறிக்கறதுக்கு ஒரு ரெட்டை மேற்கோள் குறி போட்டிருக்காங்க, ஒன்னே ஒன்னு, மூடுற குறி கிடையாது. படிக்கிற ஃபங்ஷன் அதை ஒரு வாக்கியத்தோட தொடக்கம்னு நினைச்சு, அடுத்த மேற்கோள் குறி எங்க வருதோ அது வரைக்கும், அது ஆயிரக்கணக்கான வரி தாண்டி எங்கயோ வருது, நடுவுல இருந்த எல்லா பதிவையும் ஒரே செல்லுக்குள்ள முழுங்கிடுச்சு. ஜிபிஃப் ஃபைல்ல மேற்கோள் குறிக்கு தனி அர்த்தமே கிடையாது, அது வெறும் எழுத்து. அதனால படிக்கும்போதே அதை அணைச்சுடணும், ஆர்ல quoteங்கற ஆர்க்யுமென்ட்டுக்கு வெத்து ஸ்டிரிங் குடுங்க, பைத்தானோட பாண்டாஸ் லைப்ரரியில செப்பரேட்டர் டேப்னும் quoting 3ன்னும் குடுங்க. படிச்சு முடிச்சதும் முதல் வேலையா வரி எண்ணிக்கையை டவுன்லோட் பக்கத்துல இருந்த எண்ணிக்கையோட ஒப்பிடுங்க, முன்னாடி எழுதி வைக்கச் சொன்னது இதுக்குத்தான். ஒன்னு கூடக்குறைய இருந்தாலும் மேல போகாதீங்க.

எண்ணிக்கை சரியா இருந்தா, அடுத்து சுத்தம் பண்றது. முதல்ல மேப்ல போட்டு சும்மா கண்ணால பாருங்க, பாதித் தப்பு அங்கயே மாட்டும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ரெண்டும் பூஜ்யமா இருக்கற புள்ளிங்க ஆப்பிரிக்காவுக்கு மேற்கு பக்கம் கினி வளைகுடா கடல்ல ஒன்னு மேல ஒன்னா குவிஞ்சிருக்கும், அதுக்கு நல் ஐலண்டுன்னு விளையாட்டா ஒரு பேரே வச்சிருக்காங்க, அங்க தீவும் கிடையாது ஒன்னும் கிடையாது, காலியா இருந்த ஃபீல்டுல யாரோ பூஜ்யம் போட்டதோட விளைவு. ரெண்டும் இடம் மாறிப் போனது, மைனஸ் குறி விட்டுப் போனது, இதெல்லாம் கடல்லயோ வேற கண்டத்துலயோ போய் நிக்கும்.

கண்ணுக்கு தெரியாத தப்பு வேற ரகம், அதுதான் ஆபத்து. பழைய மாதிரியில நாடு பேரு மட்டும் எழுதியிருக்கும், அதை கம்ப்யூட்டர்ல ஏத்துனவங்க ஒரு புள்ளி வேணுமேன்னு நாட்டோட நடுப்புள்ளியை குடுத்திருப்பாங்க. மேப்ல பார்த்தா நிலத்துலதான் இருக்கு, அழகா இருக்கு, ஆனா அந்த செடி அங்க இருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கடற்கரையில பறிச்சதா இருக்கும். துல்லிய ஃபீல்டுல 301, 3036, 999, 9999 இப்படி எண்ணு வந்தா சந்தேகப்படுங்க, அது அளந்து போட்ட எண் கிடையாது, இடப்பேரை ஆயத்தொலைவா மாத்துற சாஃப்ட்வேர் தானா போட்டுவிடற எண்ணு, குறிப்பா 301 நாட்டு நடுப்புள்ளியோட சேர்ந்து வர்றதுண்டு. தசம இடத்தையும் பாருங்க. ஒரு டிகிரின்னா ஏறத்தாழ 111 கிலோமீட்டர், அப்ப ரெண்டு தசம இடம்னா ஒரு கிலோமீட்டர் அளவு, நாலு இடம்னா பத்துப் பதினோரு மீட்டர். தசமமே இல்லாம முழு எண்ணா நிக்கற புள்ளியை வச்சுக்கிட்டு ஒரு கிலோமீட்டர் கட்டத்துல மாடல் ஓட்டினா அது ஜோசியம்தான்.

வேணும்னே மங்கலாக்கின இடமும் உண்டு. வேட்டைக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு அழியுற நிலையில இருக்கற இனங்களோட இடத்தை மறைப்பாங்க, ஐநேச்சுரலிஸ்ட்ல 0.2 டிகிரி கட்டத்துக்குள்ள எங்கயாவது ஒரு புள்ளியை தூக்கிப் போட்டுடும், கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் தள்ளாட்டம். புள்ளி துல்லியமா எத்தனை தசமத்தோட இருந்தாலும் நம்பாதீங்க, பக்கத்துல துல்லிய ஃபீல்டு இருபதாயிரம் முப்பதாயிரம் மீட்டர்னு சொல்லும், அதைப் பார்த்தா புரியும்.

இதையெல்லாம் ஒன்னொன்னா கையால பண்ணவேண்டாம், ஆர்ல கோஆர்டினேட்கிளீனர்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, தலைநகரம், நாட்டு நடுப்புள்ளி, மியூசியம் கட்டடம், கடல், பூஜ்யம்னு தனித்தனி சோதனை வச்சிருக்கு. ஜிபிஃப் தலைமை ஆபீஸை சுத்தி விழுந்த புள்ளிகளைப் பிடிக்கறதுக்குன்னே ஒரு சோதனை இருக்குன்னா பார்த்துக்கங்க. ஆனா அது சந்தேகம்னு கொடி காட்டின எல்லாத்தையும் அப்படியே நீக்கிடாதீங்க, சிட்டுக்குருவி தலைநகரத்துல இருக்கத்தான் செய்யும். கொடி விழுந்ததுல ஒரு இருபது முப்பது வரியை எடுத்து, ஜிபிஃப் ஐடியை வச்சு அந்தப் பதிவோட பக்கத்தை திறந்து படிச்சுப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

தேதியில ஒரு சின்ன விஷயம். ஜனவரி ஒன்னாம் தேதியில மட்டும் பதிவு அசாதாரணமா குவிஞ்சிருந்தா புத்தாண்டு அன்னிக்கு எல்லாரும் பறவை பார்க்க கிளம்பிட்டாங்கன்னு மட்டும் நினைக்காதீங்க, வருஷம் மட்டும் தெரிஞ்ச பதிவுக்கு சிலர் ஜனவரி 1ன்னு போட்டுவிடுவாங்க. மாசவாரியா ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது பெரிய வில்லங்கம்.

ரெட்டைப் பதிவும் வரும். ஒரே செடியோட கிளைகளை நாலு ஹெர்பேரியத்துக்கு அனுப்பி வைக்கறது தாவரக்காரங்க பழைய வழக்கம், நாலு பேரும் தனித்தனியா பதிவேத்தினா நாலு வரி. இனம், தேதி, இடம், சேகரிச்சவர், சேகரிப்பு எண் எல்லாம் சேர்த்துப் பார்த்து ஒன்னாக்குங்க. தனி உயிர் எண்ணிக்கைன்னு ஒரு ஃபீல்டு இருக்கும், அதைக் கூட்டி மொத்தம் இத்தனை குருவின்னு சொல்லக் கிளம்பாதீங்க, பாதி காலியா இருக்கும், மீதியில ஒரே கூட்டத்தை பத்து பேர் பார்த்து பத்து தடவை எண்ணியிருப்பாங்க.

அடிக்கடி எடுக்கறவங்க, இல்ல நூறு இனத்துக்கு ஒரே தடவையில எடுக்கணும்ங்கறவங்க கோட் எழுதிக்கலாம், ஆர்ல ஆர்ஜிபிஃப், பைத்தான்ல பைஜிபிஃப். இதுல ரெண்டு வழி இருக்கு, ஆக் சர்ச் (occ_search), ஆக் டவுன்லோட் (occ_download). சர்ச் உடனே பதில் குடுக்கும், அதனால எல்லாரும் அதுல போய் விழுவாங்க, ஆனா ஆர்ல நீங்க எதுவும் சொல்லலைன்னா 500 பதிவோட நின்னுடும், எவ்வளவு கேட்டாலும் ஒரு தேடலுக்கு 1,00,000தான் உச்சம், டிஓஐயும் கிடையாது. சர்ச்சை எட்டிப் பார்க்கறதுக்கு மட்டும் வச்சுக்கங்க, ஆராய்ச்சிக்கு டவுன்லோட் வழிதான். அதுக்கு யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்கும், அதை ஸ்கிரிப்ட்டுக்குள்ள எழுதி, கோடை பகிர்ந்துக்கற கிட்ஹப் தளத்துல ஏத்தி ஊருக்கே காட்டாம, என்விரான்மென்ட் ஃபைல்ல தனியா போட்டு வைங்க.

கோட் வழியில பேரைக் குடுத்து, அந்தப் பேருக்கு ஜிபிஃப் வச்சிருக்கற சாவி எண்ணை வாங்குற ஃபங்ஷன் ஒன்னு இருக்கு, நேம் பேக்போன் (name_backbone)னு பேரு, அது திருப்பித் தர்றதுல மேட்ச் டைப்புங்கறதை கண்டிப்பா பாருங்க. எக்ஸாக்ட்னா சரியா பொருந்திடுச்சு. ஃபஸ்ஸின்னா எழுத்துப்பிழையை சகிச்சுக்கிட்டு பொருத்தியிருக்கு. ஹையர் ரேங்க்னு வந்தா ஆபத்து, நீங்க கேட்ட இனம் கிடைக்காம அதோட பேரினத்தையோ குடும்பத்தையோ எடுத்துக் குடுத்திருக்குன்னு அர்த்தம், கவனிக்காம அந்த சாவியை வச்சு டவுன்லோட் போட்டா ஒரு வண்டுக்கு பதிலா வண்டுக் குடும்பமே வந்து இறங்கும். நூறு பேரு பட்டியல்ல இப்படி நாலஞ்சு எப்பவும் இருக்கும். கோடிக்கணக்குல வேணும்ங்கறவங்களுக்கு மாசா மாசம் மொத்த டேட்டாவோட ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நகலை) கிளவுட்ல வைக்கறாங்க, பார்க்கே (Parquet) ஃபார்மேட்ல, அங்க இருந்தே வடிகட்டி எடுத்துக்கலாம்.

எடுத்து சுத்தம் பண்ணதுல மிஞ்சினது என்ன சொல்லும், என்ன சொல்லாதுன்னும் பார்த்துக்கங்க. ஜிபிஃப்ல இருக்கறதுல பெரும்பங்கு பறவை, அதுலயும் ஈபேர்டு டேட்டாதான் மலை மாதிரி. ஆளுங்க போற இடத்துலதான் பதிவு இருக்கும், ரோட்டோரம், பூங்கா, பல்கலைக்கழக வளாகம். உங்க மேப்ல வெத்தா இருக்கற இடம் அந்த உயிரினம் இல்லாத இடமா, யாரும் போகாத இடமான்னு அந்த மேப்பை மட்டும் பார்த்து சொல்லவே முடியாது, அதே இடத்துல வேற பறவைங்க பதிவு இருக்கான்னு பார்த்தா ஓரளவு பிடிபடும். வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை ஏறுதுன்னா பறவை பெருகிடுச்சுன்னு எழுதிடாதீங்க, ஆப் வச்சிருக்கறவங்க பெருகியிருப்பாங்க.

உரிமம் விஷயம் சுருக்கமா. ஒவ்வொரு டேட்டாசெட்டும் மூணுல ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வரும், சிசி ஜீரோ (CC0), சிசி பை (CC BY), சிசி பை என்சி (CC BY-NC). கடைசி வகை வணிக வேலைக்கு ஆகாது, கம்பெனிக்காக பண்றவங்க ஆரம்பத்துலயே ஃபில்டர் போட்டு அதை ஒதுக்கிடுங்க. கட்டுரையில குறிப்பிடும்போது டவுன்லோட் டிஓஐயையும் தேதியையும் குடுக்கணும், வெறுமனே ஜிபிஃப் தளம்னு எழுதினா எந்த டேட்டாவை எடுத்தீங்கன்னு யாருக்கும் தெரியாது, பதிவேத்தின அந்த மியூசியக்காரங்களுக்கும் அவங்க உழைப்பு எங்க பயன்பட்டுச்சுன்னு கணக்கு போய்ச் சேராது. ஸ்னாப்ஷாட்ல இருந்து எடுத்தீங்க, இல்ல சுத்தம் பண்ணதுல பெரும்பகுதி வெளிய போயிடுச்சுன்னா, டிரைவ்டு டேட்டாசெட்னு ஒரு வசதி இருக்கு, எந்த டேட்டாசெட்ல இருந்து எத்தனை பதிவு பயன்படுத்தினீங்கன்னு ஒரு சின்னப் பட்டியல் குடுத்தா அதுக்கு தனி டிஓஐ கிடைக்கும்.

கடைசியா, தப்பு கண்டுபிடிச்சா உங்க ஃபைல்ல மட்டும் திருத்திட்டுப் போயிடாதீங்க. ஒவ்வொரு பதிவோட பக்கத்துலயும் அதை வெளியிட்டவங்களுக்கு தகவல் சொல்ல வழி இருக்கு, ரெண்டு வரி எழுதினாப் போதும், ஜிபிஃப் ஐடி என்ன, என்ன தப்பு, ஏன் அப்படி நினைக்கறீங்க. மூலத்துல திருத்தறது அவங்க கையில, திருத்திட்டா அடுத்து எடுக்கறவங்க எல்லாருக்கும் சரியா வரும். நான் ஒருதடவை அட்சரேகை தீர்க்கரேகை இடம் மாறியிருந்த ஒரு நாப்பது பதிவோட ஐடியை அனுப்பி வச்சேன், பதில் எதுவும் வரல, நானும் மறந்துட்டேன். மாசக்கணக்கு கழிச்சு வேற வேலைக்காக அதே தேடலை மறுபடி ஓட்டி மேப்ல போட்டுப் பார்த்தா, கடல்ல நின்ன குருவியெல்லாம் கரையேறியிருந்துச்சு.